வான்கோடு: ‘ஸ்கைலைன்’ என்ற சொல்லுக்கு மலையிலிருந்து ஒரு தமிழ்

குன்னூர் கடைத்தெருவில் ஒருவர் என் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். புதிதாக எழும்பப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரம். ‘நம் ஊருக்குப் புதிய ஸ்கைலைன்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். படத்தில் ஒவ்வொரு பால்கனியிலும் செடிகள் தொங்கின. கட்டடத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய மலையை மட்டும் காணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, “ஸ்கைலைன் என்றால் என்ன தம்பி?” என்று கேட்டார். “தொடுவானம் அம்மா” என்றேன். அவர் சன்னல் வழியாக எதிர்ச் சரிவைப் பார்த்தார். “தொடுவானம் கடற்கரையில் அல்லவா இருக்கும்? இங்கே வானம் எதையும் தொடவில்லையே, மலைக்குப் பின்னால் போய் மறைகிறது” என்றார். அவர் சொன்னது சரி. என் பதில்தான் தவறு. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

ஆங்கிலத்தில் ‘ஸ்கை’ என்ற சொல் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு மேகம் என்று பொருள். மேகத்தைக் குறித்த சொல் மெல்ல மெல்ல வானத்தைக் குறிக்கத் தொடங்கியது. ‘ஸ்கைலைன்’ 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானபோது நிலமும் வானமும் கூடும் எல்லையைத்தான் சொன்னது. கட்டடங்களுக்கும் அதற்கும் அப்போது தொடர்பில்லை. சிகாகோவில் 1885இல் 10 மாடிகளுடன் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் எழுந்தது. அதையடுத்து அமெரிக்க நகரங்களில் உயரத்துக்குப் போட்டி வந்தது. நூற்றாண்டு முடிவதற்குள், வானத்தின் முன் கட்டடங்கள் காட்டும் விளிம்புக்கே ‘ஸ்கைலைன்’ என்று பெயர் ஆகிவிட்டது. நிலம் வரைந்ததைச் சொன்ன சொல், கட்டியவர் வரைந்ததைச் சொல்லும் சொல்லாக மாறியது. அந்தப் பிரசுரம் இந்த இரண்டாவது பொருளைத்தான் மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

உயர்ந்த கட்டடம் தமிழுக்குப் புதிதல்ல. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரை நகர வாயிலின் மாடத்தை ‘மழையாடு மலையின் நிவந்த மாடமொடு’ என்கிறார். இங்கே மழை என்பது மேகம். மேகம் உலவும் மலைபோல உயர்ந்த மாடங்கள் என்பது பொருள். அடுத்த அடிகளில் நகரத்து வீடுகள் ‘வானம் மூழ்கி’ நிற்கின்றன. மாடத்தின் உயரத்தைச் சொல்ல அவருக்கு மலைதான் அளவுகோல். சமவெளி நகரத்தில் மாடத்தைப் பார்த்தவர் மலையை நினைத்தார். மேகம் உண்மையாகவே உலவும் மலையில் இருந்துகொண்டு அதை மாடத்தால் மறைப்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எங்கள் வீட்டுச் சுவரைப் பழுது பார்க்க வந்த மேஸ்திரி அடித்துப் பேசினார்: “அடுக்கிக் கட்டாமல் வேறு என்ன செய்வது சார்? ஆளுக்கொரு தனி வீடு, வீட்டுக்கொரு தோட்டம் என்று பரப்பிக்கொண்டே போனால் மிஞ்சியிருக்கும் சோலையும் போகும். என் பிள்ளைகளுக்கும் ஒரு வீடு வேண்டாமா?” இதை எளிதில் தள்ளிவிட முடியாது. மலையை விழுங்கியதில் பரந்து கிடக்கும் பங்களாக்களுக்கும் ஓய்வு விடுதிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் சரிவில் ஒரு கட்டடம் உயர வேண்டுமானால் முதலில் மண்ணை வெட்டித் தளம் எடுக்க வேண்டும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடியாகத் தெரியும் வீடு, பள்ளத்திலிருந்து பார்த்தால் ஐந்து மாடியாக நிற்பது இங்கே வழக்கம்தான். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நிலச்சரிவுகளில் இறந்தார்கள். வெட்டிய சரிவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாரம்தான் என் நினைவுக்கு வருகிறது. நீலகிரியில் மாஸ்டர் பிளான் விதிகள் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்று வரம்பு கட்டியது காரணமில்லாமல் அல்ல. கொடைக்கானலில் அனுமதிக்கு மேல் எழுப்பிய ஓட்டல் மாடிகளின் வழக்கு 1995இல் உச்ச நீதிமன்றம் வரை போய், கூடுதல் மாடிகள் இடிபட வேண்டும் என்று முடிந்தது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘அடிவானம்’, ‘தொடுவானம்’ இரண்டும் கடலுக்கும் சமவெளிக்கும் பொருந்தும். அந்த அம்மா சொன்னதுபோல மலைக்கு ஒட்டாது. ‘வானவிளிம்பு’ பிழையில்லை, ஆனால் அந்த விளிம்பை வரைந்தது எது என்பதை அது சொல்லவில்லை. என் மனம் முதலில் ‘வரை’ என்ற சொல்லில் நின்றது. வரை என்றால் மலை, வரை என்றால் எல்லை, வரைதல் என்றால் கோடிழுத்தல். முக்கூர்த்திப் பாறைகளில் திரியும் வரையாட்டின் பெயரிலும் அந்த மலைதான் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் ‘வான்வரை’ என்று எழுதினால் ‘வானம் வரைக்கும்’ என்று படித்துவிடுவார்கள். கட்டுபவர் விரும்புவதும் அதைத்தானே! வருத்தத்தோடு அதை விட்டுவிட்டேன்.

என் தேர்வு ‘கோடு’. நாம் பள்ளியில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு அதன் ஒரு பொருள் மட்டுமே. கோடுதல் என்றால் வளைதல். நடுநிலையிலிருந்து வளையாமல் இருப்பதைத்தான் குறள் ‘கோடாமை’ என்கிறது. வளைந்து நீளும் பலவற்றுக்கும் இந்தப் பெயர் உண்டு. யானையின் தந்தம் கோடு. எருமையின் கொம்பும் கோடு. நீலகிரியின் தோடர் பழங்குடியினர் வளர்க்கும் எருமைகளின் கொம்புகளைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. மலை உச்சியும் கோடுதான், திருச்செங்கோடு இன்றும் அந்தப் பொருளைக் காத்து வைத்திருக்கிறது. மரக்கிளையும் கோடு என்பதால்தான் கிளையில் பூப்பதைக் கோட்டுப்பூ என்றார்கள். சிகரம், கிளை, வரி மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. மலையில் வானத்தின் விளிம்பை வரைபவையும் சிகரமும் மரமும்தான்.

மரம் என்றதும் எந்த மரம் என்று கேட்க வேண்டும். சோலை மரங்கள் காற்றுக்கு அடங்கிக் குட்டையாக, குடை கவிழ்த்ததுபோல நெருங்கி வளர்பவை. சோலையின் விளிம்பு மலையின் வளைவோடு சேர்ந்தே வளையும். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) அதைக் கிழித்துக்கொண்டு உயர்ந்தன. ஆக, இந்த மலையின் விளிம்பை முதலில் மாற்றியது கான்கிரீட் அல்ல. பசுமை என்ற பெயரில் வந்த மரமே அதைச் செய்தது. பால்கனித் தொட்டிச் செடிகளைக் காட்டி ‘இதோ பசுமை’ என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். ஹட்டி எனப்படும் படகர் ஊர்களின் பழைய வீட்டு வரிசைகள் சரிவில் தாழ்ந்து நின்றன. பின்னாலிருந்த முகட்டை அவை மறைக்கவில்லை.

வான் + கோடு, வான்கோடு. இடையில் எழுத்து எதுவும் திரிய வேண்டாம், வான்படை என்று எழுதுவதுபோல எழுதலாம். நகரத்துக்கும் இது பொருந்தும்: ‘சென்னையின் வான்கோடு மாறிவருகிறது’ என்றால் யாருக்கும் புரியும். அந்த அம்மாவிடம் சொன்னேன். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலையில் மதில் மேல் எட்டிப் பார்த்து, “தம்பி, மேகம் விலகிவிட்டது, வான்கோடு தெரிகிறது, வந்து பார்” என்று கூப்பிட்டார்.