பிரீலோட் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டிப்படுமா?

பைக்கின் பின் ஷாக்கில் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் பகுதி) ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பதுதான் பிரீலோட். அதற்காக ஷாக்கின் அடியில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டிப்படும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதுவல்ல. சீராகச் சுற்றிய ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு விசை வேண்டுமோ, அது வளையம் எந்தப் படியில் இருந்தாலும் மாறாது. சக்கரத்தில் அளக்கும்போது அது மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் கூடுதலாக 600 நியூட்டன் சுமை ஏறினால் வண்டி 30 மி.மீ. இறங்கும். ஷாக் முழுதாக நீண்டு முட்டி நிற்காதவரை, பிரீலோட் கூட்டிய பிறகும் அதே 30 மி.மீ.தான். எந்த உயரத்திலிருந்து இறங்குகிறது என்பது மட்டுமே மாறும்.

சொகுசு இந்த உயரத்தில்தான் இருக்கிறது. மேடு வந்தால் சக்கரம் மேலேற இடம் வேண்டும், பள்ளம் வந்தால் கீழிறங்கவும் இடம் வேண்டும். பிரீலோட் குறைவாக இருந்தால் ஷாக் சீக்கிரமே அடி ரப்பரில் போய் முட்டும். மென்மையாக இருக்கட்டும் என்று முதல் படியில் வைத்தவருக்கு முதுகில் அடி விழுவது இதனால்தான். மிகவும் கூட்டிவிட்டால் ஷாக் நீண்டபடியே நிற்கும். சின்ன மேடுகள் அதை அசைக்காமல் நேராக இருக்கைக்கு வந்துவிடும்.

கண்ணால் பார்த்து இதை முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள். முதலில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்க்க வேண்டும். அது தவறினால் மற்றதெல்லாம் வீண். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது, அச்சிலிருந்து நேர்மேலே இருக்கையின் பக்கத்தில் ஒரு குறி வைத்து தூரத்தை அளக்கவும். அடுத்து வண்டி தன் எடையில் நிற்கும்போது அளக்கவும். பிறகு வழக்கமான உடையோடு ஏறி உட்கார்ந்து, வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்கட்டும். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. 110 மி.மீ. அசைவுள்ள வண்டிக்கு 35 மி.மீ. பக்கம். கூடுதலாக இறங்கினால் பிரீலோடை ஏற்றவும், குறைவாக இறங்கினால் இறக்கவும். இரண்டு ஷாக் உள்ள வண்டியில் இருபுறமும் ஒரே படி இருக்க வேண்டும். சி வடிவ ஸ்பானரால் திருப்பும்போது சக்கரம் தூக்கியிருந்தால் கை நோகாது.

நடுவில் எடுத்த அளவை வீணாக்க வேண்டாம். ஆள் ஏறிய தாழ்வு சரியாக வந்த பிறகும், ஆள் இல்லாதபோது வண்டி கொஞ்சமும் இறங்கவில்லை என்றால், பிரீலோடை அளவுக்கு மீறி ஏற்றித்தான் அந்தத் தாழ்வு கிடைத்திருக்கிறது; ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிந்தது. அதை எந்தத் திருகலும் சரிசெய்யாது, ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

ரீபவுண்ட் திருகு இருந்தால் அது தனி வேலை. ஷாக் திரும்பி நீளும் வேகத்தை அது ஆளுகிறது. மேடு தாண்டியதும் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளினால் இறுக்கவும். அடுத்தடுத்த மேடுகளில் பின்பக்கம் படிப்படியாகத் தாழ்ந்து கெட்டிப்பட்டால் தளர்த்தவும். ஒரு நேரத்தில் ஒரு கிளிக், அதே சாலையில் ஓட்டிப் பார்த்து. எத்தனை கிளிக் என்பதை எழுதி வைப்பது நல்லது.

உயரம் மாறினால் செயின் தொய்வும் ஹெட்லைட் கோணமும் மாறும், இரண்டையும் பாருங்கள். ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிந்திருந்தால் இந்த வேலை எதுவும் பயன் தராது. வாயு அடைத்த ஷாக்கை நீங்களே பிரிக்கவும் கூடாது.