பாலிஷ் போட்டதும் வாட்ச்சுக்கு என்ன ஆச்சு?

பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "கீறல் விழாத ஸ்டீல் என்று வாங்கின வாட்ச். நாலு வருஷம் கல் தூசியிலேயே கிடந்தும் கேஸில் ஒரு கோடு இல்லை. போன மாசம் வைர பிளேடு உரசி ஆழமாகக் கீறிவிட்டது. பாலிஷ் போடக் கொடுத்தேன், கண்ணாடி மாதிரி வந்தது. இப்போது மேலெல்லாம் கோடு. ஏமாற்றிவிட்டார்களா?"

யாரும் ஏமாற்றவில்லை. பாலிஷ்காரர் வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் வினை.

உலோகத்தின் கடினத்தை விக்கர்ஸ் எண்ணில் சொல்வார்கள், எண் கூடினால் கடினமும் கூடும். வாட்ச் கேஸில் வழக்கமாக வரும் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 200. கிரானைட் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் சுமார் 1,100. தூசி படிந்த சட்டைக்கையால் துடைத்தாலே சாதா கேஸில் கோடு விழும். கடினப்படுத்திய கேஸின் மேல்தோல் 1,000 முதல் 1,200 வரை போகும். மேலே பூச்சு பூசுவதும் உண்டு, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது ஸ்டீலுக்குள்ளேயே கார்பனை ஊட்டும் முறை.

பாலக்கோடு போகும் காலை நேர டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பு, குரோமியம், நிக்கல் அணுக்கள் சீட் பிடித்து உட்கார்ந்துவிட்டன. கார்பன் பொடிசு, சீட் கேட்காது, இடுக்கில் நுழையும். ஆனால் அந்த இடுக்கும் அதற்குப் பற்றாது, அக்கம்பக்கத்தை நெட்டித் தள்ளும். மேல்தோல் விரியப் பார்க்கிறது, அடியிலுள்ள உலோகம் விடுவதில்லை. கீறல் என்பதே அணு வரிசைகள் வழுக்கி நகர்வதுதான். இந்த நெரிசலில் எது நகரும்?

கார்பனை உள்ளே ஏற்றுவதும் லேசல்ல. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கிறது. துருவைத் தடுக்கிற அதே படலம் கார்பனையும் தடுக்கும். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவால் அதை உரித்துவிட்டு, கார்பன் மோனாக்சைடு வாயுவில் வைப்பார்கள். சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் 500 டிகிரியைத் தாண்டினால் குரோமியமும் சீட்டை விட்டு எழுந்து வந்து கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடும். அப்புறம் துருவைத் தடுக்க ஆள் இல்லை. அதனால் 450 டிகிரியை ஒட்டியே வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் கார்பன் மெல்ல ஊரும், குரோமியம் அசையாது. நாள்கணக்கில் காத்திருந்து கிடைக்கிற ஆழம் சுமார் 30 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை!

இரும்புக்குக் கார்பன் ஊட்டுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய சேலம் ஜில்லாவில் ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் இரும்போடு மண் மூசையில் அடைத்து உருக்கினார்கள். வேலை செய்தது கட்டையிலும் இலையிலும் இருந்த கார்பன். மூலிகை மகிமை என்று சிலர் இன்னும் எழுதுகிறார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது மேடைக்கு மேடை பெருமை பேசினோம். அந்த உற்சாகத்தில் பாதி, உலோகவியல் ஆய்வகங்களுக்குப் பணமாக வந்தால் தேவலை.

பாலிஷுக்கு வருவோம். கீறலை எடுப்பது என்கிறோம். உண்மையில் கீறலை யாரும் எடுப்பதில்லை, அதன் அடிமட்டம் வரை சுற்றியுள்ள உலோகத்தை இறக்குகிறார்கள். கீறல் 50 மைக்ரான் ஆழம் என்றால், கடினத்தோல் மொத்தமும் எமரித் தாளோடு போய்விட்டது. அப்புறம் பஃப் சக்கரத்தில் பளபளத்தது வெறும் 200 விக்கர்ஸ் ஸ்டீல். என் வாட்ச் ஒன்றைக் கையில் வாங்கிய தர்மபுரி பாலிஷ்காரர், "இது எமரியத் தின்னுது சார், விட்டுடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் விக்கர்ஸ் படித்தவரில்லை. திரும்பக் கடினப்படுத்த மெஷினையும் கண்ணாடியையும் கழற்றி, வெறும் கேஸை உலைக்கு அனுப்ப வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அது நடக்காது.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஸ்ட்ராப்பைக் கழற்றுங்கள். கேஸின் காதுகளுக்கு உள்பக்கம் பஃப் சக்கரம் எட்டியிருக்காது. தையல் ஊசியால் அங்கே லேசாக இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். அதே ஊசியை மேல்பக்கம் இழுத்துவிடாதீர்கள்.