சாய ஊசிக்கு முன் இளைப்பைச் சொல்லிவிடுங்கள்

சீ.ரி. ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் "இளைப்பு இருக்கா, இதய வருத்தம் இருக்கா" என்று கேட்பது என் வேலை. டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த அம்மா "ஒன்னுமில்ல சார்" என்றார். சாயம் ஏற்றக் கையில் கெனியூலா என்ற ஊசிக்குழாய் போடும்போதுதான் கண்டேன்: கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் முந்தானை முடிச்சை இறுகப் பிடித்திருந்தன. உள்ளே இளைப்புக்கு இழுக்கும் நீல நிறப் பம்ப்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா திருப்பி அனுப்பிருவீங்க சார். இன்னைக்கே ஒரு பேர் போச்சு, ஒரு நாள் சம்பளம். இன்னொரு நாளும் போனா எப்படி?"

அந்தப் பயம் நியாயமானது. ஏன் கேட்கிறோம் என்று நாங்கள் விளக்காததுதான் தவறு.

ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிவதற்காக முழங்கை மடிப்பில் ஏற்றும் அயடீன் சாயம் இதயத்தின் வலப்பக்கம் போய், சில செக்கன்களில் நேரே நுரையீரலுக்குள் பாய்கிறது. சிறுநீரகமெல்லாம் பிறகுதான். இரத்தத்தின் ஊடுபரவல் செறிவு, அதாவது நீரைத் தன் பக்கம் இழுக்கும் கரைபொருளின் அளவு, ஏறத்தாழ 290 மில்லிஒஸ்மோல். இன்றைய சாயங்கள் பலவற்றுக்கு அது இரண்டு, மூன்று மடங்கு. பழைய வகைகளுக்கு ஐந்து மடங்குக்கும் மேல். உப்பில் போட்ட மாங்காய் தண்ணீர் விட்டுச் சுருங்குமே, அதுபோலச் செங்குழியங்கள் நீரிழந்து விறைக்கும். நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்களில் அவை வளைந்து நெளிந்துதான் நுழைய வேண்டும். விறைத்தால் நுழைவது கடினம். சுற்றியுள்ள நீரும் குழாய்க்குள் இழுபட, நுரையீரல் நாடியில் அழுத்தம் சற்று நேரம் உயரலாம்.

நல்ல நுரையீரலுக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கும், லயத்து அடுப்படியில் விறகுப் புகை குடித்தே நுரையீரல் கெட்டவர்களுக்கும் அந்த அழுத்தம் ஏற்கெனவே கூடியிருக்கலாம். ஆஸ்துமா வேறு கதை: அவர்களுக்குச் சாயத்துக்கு ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம்.

சொன்னால் திருப்பி அனுப்புவதில்லை. செறிவு குறைந்த சாயம், குறைந்த அளவு, சாயமே இல்லாத ஸ்கேன் என்று டொக்டருக்குப் பெரும்பாலும் வேறு வழி இருக்கும். அந்த அம்மாவின் நெஞ்சைச் சோதித்து, நெபுலைசர் பிடித்து, அன்றைக்கே ஸ்கேன் எடுத்தோம்.

"உடம்பெல்லாம் சுடுது சார்" என்றார். அந்தச் சூடும், சிறுநீர் போய்விட்டது போன்ற உணர்வும் வழமைதான். நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால், தொண்டை அரித்தால் உடனே குரல் கொடுங்கள்.

முடிந்ததும் ஒரு மணி பஸ்ஸுக்கு எழும்பினார். கடும் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் வரும் என்பதால், கெனியூலாவைக் கழற்றாமல் வாங்கில் உட்கார வைத்தேன். அடுத்த பஸ்ஸில்தான் போனார், பம்ப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு.