தகட்டில் மார்க்கிங் பழகுகிறவருக்குச் சட்டம் என்ன தருகிறது?

ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மார்க்கிங், அதாவது எங்கே வெட்டுவது, எங்கே வளைப்பது என்று உலோகத் தகட்டில் கோடு போடும் வேலை பழகச் சேருபவரைப் பல இடங்களில் ‘ஹெல்பர்’ என்றே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) என்று வாயால் சொன்னால் போதாது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, ‘அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா’ இணையதளத்தில் பதிய வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். இந்தப் பதிவு இல்லாமல் கீழே உள்ளவற்றைக் கேட்டு வாங்குவது கஷ்டம்.

30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே தீர வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள பட்டறைக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் எடுக்கலாம்.

பழகுநருக்குத் தரும் உதவித்தொகைக்குப் படிப்பைப் பொறுத்து ஒரு குறைந்தபட்சத் தொகை விதியில் இருக்கிறது. தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் அதில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு பழகுநரின் வங்கிக் கணக்கிலேயே போடுகிறது. மீதி முதலாளியின் பொறுப்பு.

மார்க்கிங் பழகுகிறவருக்கு இவற்றைவிட முக்கியம் அந்த 1961 சட்டத்தின் 13ஆம் பிரிவு என்பேன். பழகுநருக்குப் பீஸ் ரேட்டில் கூலி தரக்கூடாது, உற்பத்தி போனஸ் காட்டி விரட்டவும் கூடாது. தகட்டில் மார்க்கிங் நீலம் பூசி, மூலைமட்டத்தை விளிம்போடு ஒட்டிப் பிடித்து, கோடு கீறும் ஊசியான ஸ்க்ரைபரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வளைக்க எவ்வளவு விட வேண்டும், வெட்டும்போது எவ்வளவு தேயும் என்று கணக்குப் பார்த்த பிறகுதான் கோட்டின் மேல் பஞ்ச் அடித்துப் புள்ளி வைக்கலாம். அடுத்து வெட்டுகிறவர் அந்தக் கோட்டை நம்பித்தான் வெட்டுவார். கோடு இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே தகடு ஸ்கிராப்புக்குப் போகலாம். எத்தனை பிளேட் என்று எண்ணிக் காசு கொடுத்தால் யார் இரண்டாவது முறை அளந்து பார்ப்பார்கள்?

இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் பழகுநரிடம் ஓவர்டைம் வேலை வாங்கவும் கூடாது. பயிற்சியின்போது வேலையால் அடிபட்டால் இழப்பீடு தருவது முதலாளியின் கடமை.

பயிற்சி முடிந்து தேர்வில் தேறினால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து வந்தவருக்குப் பயிற்சிக் காலமே குறைவு. ஆனால் அதே இடத்தில் வேலை நிச்சயம் என்று சட்டம் சொல்லவில்லை. பழகி முடித்தவரை எடுத்துக்கொள்வது பற்றி நிறுவனமே ஒரு கொள்கை வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கொள்கை என்ன என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.