யூரியா கரைத்த வாளி ஏன் சில்லிடுகிறது?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் தென்னையும் நெல்லும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: போர்டோ என்ற பூஞ்சைக்கொல்லிக் கலவைக்காகச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலே கொதிக்கிறது, நெல்லுக்குத் தெளிக்க யூரியாவைக் கரைத்தாலோ வாளி சில்லிடுகிறது, வெப்பத்தை வெளிவிடும் வினைதான் தானாக நடக்கும் என்றால், யூரியா எப்படிக் கரைகிறது?

19ஆம் நூற்றாண்டில் பெர்த்தலோ என்ற பிரெஞ்சு வேதியியலாளரும் வெப்பம் வெளிவரும் திசையிலேயே வினைகள் நடக்கும் என்றுதான் கருதினார். சுண்ணாம்புக்கு அது பொருந்தும்: 56 கிராம் கால்சியம் ஆக்சைடு நீருடன் சேர்ந்தால் ஏறத்தாழ 65 கிலோஜூல் வெளிப்படுகிறது.

யூரியாவின் கதைதான் அழகானது. அந்த வெள்ளைக் குருணைக்குள் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அணியணியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நீர் அவற்றைப் பிரித்துத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. ஆனால் புதிய பிணைப்பில் கிடைப்பது, பழைய பிணைப்பை அறுக்கச் செலவாவதை ஈடுகட்டுவதில்லை. 60 கிராமுக்கு ஏறத்தாழ 15 கிலோஜூல் குறைகிறது. அந்தக் குறையைத் தண்ணீர் தன் மூலக்கூறுகளின் இயக்கத்திலிருந்தே கொடுக்கிறது. அதனால் ஒரு லிட்டர் நீர் 3 டிகிரிக்கும் மேல் குளிர்ந்துவிடுகிறது.

இத்தனை இழப்போடும் கரைவதற்குக் காரணம், மூலக்கூறுகள் இருக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை. படிகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு திசை. கரைசலில் எங்கும் திரியலாம், எப்படியும் திரும்பலாம். அந்த வழிகளின் பெருக்கத்தை அளப்பதே, ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸ் 1865இல் பெயரிட்ட என்ட்ரோபி. பொருளும் சுற்றுப்புறமும் சேர்ந்த மொத்த என்ட்ரோபி கூடினால் வினை தானாக நடக்கும். சுற்றுப்புறத்தின் கணக்குக்கு, வெப்பத்தைக் கெல்வின் அளவிலான வெப்பநிலையால் வகுக்க வேண்டும்: 15 கிலோஜூலை இழக்கும் சுற்றுப்புறத்துக்கு அறை வெப்பநிலையில் கெல்வினுக்கு ஏறத்தாழ 50 ஜூல் நட்டம். கரைவதால் வரும் லாபம் அதைவிட அதிகம். சுண்ணாம்பில் நேர்மாறாக, வினைபடும் பொருள்களின் என்ட்ரோபி சற்றுக் குறைந்தாலும், வெளியேறும் வெப்பம் சுற்றுப்புறத்துக்கு 200 ஜூலுக்கும் மேல் சேர்த்துவிடுகிறது.

இந்தப் பாடம் மாணவர்களிடம் வெறும் சூத்திரமாகப் போய்ச் சேர்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு வெப்பமானியும் பிடி யூரியாவும் வாங்கித்தர அரசு பணம் ஒதுக்க வேண்டும். சுண்ணாம்பை மட்டும் ஆசிரியரே கையாள வேண்டும். தெறித்தால் கண் போய்விடும்.

சுண்ணாம்புக்கல்லைச் சுடும் காளவாயிலும் இதே கணக்குத்தான். கல் சிதைய, 100 கிராமுக்கு 178 கிலோஜூல் வேண்டும். ஆனால் வெப்பநிலை ஏற ஏற அந்த வெப்பத்தை இழப்பதால் சுற்றுப்புறத்துக்கு வரும் என்ட்ரோபி நட்டம் சுருங்குகிறது. ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில், விடுபடும் கரியமில வாயுவின் என்ட்ரோபி அந்த நட்டத்தை மிஞ்சத் தொடங்குகிறது. அதற்குக் கீழே, விடுபடும் வாயு வெளியேறாமல் காளவாயிலேயே தேங்கினால், எத்தனை நாள் விறகு எரித்தாலும் கல் முழுமையாகச் சுண்ணாம்பாகாது.