மாடியில் டவர் நிற்கிறது, வாடகை எங்கே?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய என்னிடம் வந்தார். தஞ்சைப் பக்கம் சொந்த வீடு; மொட்டை மாடியைச் செல்போன் டவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். "எட்டு மாதமாக ஒரு ரூபாய் வரவில்லை ஆடிட்டர் சார். வெளிநாட்டுக்காரன் கோடிகோடியாகப் போட்ட கம்பெனி, எங்கே ஓடிவிடப் போகிறது என்று சும்மா இருந்துவிட்டேன்" என்றார். அந்த நிறுவனமோ அதற்குள் திவால் நடவடிக்கைக்குப் போயிருந்தது.

இதே நம்பிக்கையைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

செய்தித்தாளில் வரும் முதலீட்டுத் தொகையெல்லாம் டவராகவும் கேபிளாகவும் மாறுவதில்லை. 2007-இல் ஹாங்காங்கின் ஹட்சிசன் நிறுவனத்திடமிருந்து அதன் இந்திய செல்போன் தொழிலை வோடஃபோன் ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. கைமாறியது கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு. பணம் விற்றவருக்குப் போனது, இங்கே சேவை நடத்திய நிறுவனத்தின் கல்லாவுக்கு அல்ல. 2005-இல் தொலைத்தொடர்புத் துறையில் அந்நிய முதலீட்டு வரம்பு 49-இலிருந்து 74 சதவீதமாக உயர்ந்தது. அதையடுத்து மலேசியாவின் மேக்சிஸ், தமிழ்நாட்டில் வேர்விட்ட ஏர்செல் நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கை வாங்கியது. பிறகு ஏர்செல்லின் கடன் ஏறிக்கொண்டே போனது. 2018 பிப்ரவரியில் திடீரென்று சிக்னல் போய், எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள மக்கள் அலைந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த மாத இறுதியில் நிறுவனம் திவால் மனு போட்டது.

அந்நிய முதலீடே கூடாது என்பதல்ல என் கருத்து. அது இல்லாமல் செல்போன் இவ்வளவு விரைவில் கிராமத்துக்கு வந்திருக்காது. ஆனால் பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட முதலோடு முடிந்துவிடும். தாய் நிறுவனம் தனியாக உத்தரவாதம் எழுதித் தராதவரை, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கம்பெனியை மட்டுமே நீங்கள் கேட்க முடியும். பல நேரம் அது சிம் கார்டில் இருக்கும் பெயர்கூட அல்ல, டவர் நடத்தும் வேறொரு நிறுவனம்.

2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் நிறுவனத்தின் கதியை முடிவெடுக்கும் குழுவில், வங்கிகள் போன்ற கடன் கொடுத்தவர்களுக்கே ஓட்டு இருக்கிறது. வாடகைப் பாக்கி வரவேண்டிய வீட்டுக்காரருக்கு ஓட்டு இல்லை. பணம் பிரிக்கும்போதும் அவர் வரிசையில் பின்னால்தான் நிற்கிறார். நடவடிக்கை நடக்கும் காலத்தில் டவரைக் கழற்றச் சொல்லி இடத்தை மீட்கவும் முடியாது. எனவே இரண்டு மாதம் பாக்கி விழுந்ததுமே எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். கையெழுத்திடும் முன்பே கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த நிறுவனம் எவ்வளவு சொத்தை அடமானம் வைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். முன்பணத்தை ஆறு மாதத்துக்காவது கேளுங்கள். தலைமையாசிரியர் வாங்கியிருந்தது இரண்டு மாதத்துக்கு.

அவருக்குக் கைகொடுத்தது, நம் பெயரில் பிடித்துக் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவம். வராத வாடகையில் முதல் நான்கு மாதத்துக்கு டிடிஎஸ், அதாவது வாடகை தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரியை, அந்த நிறுவனத்தார் பிடித்துக் கட்டியிருந்தார்கள். வாடகை தரவேண்டியது என்று அந்த நிறுவனமே தன் கணக்கில் எழுதியதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஒப்பந்தம், வங்கிப் புத்தகம், அந்தப் படிவம் மூன்றையும் இணைத்துக் கெடு முடியுமுன், திவால் நடவடிக்கையை நடத்தும் அதிகாரியிடம், பாக்கி கோருவதற்கான படிவம் 'பி'யில் உரிமை கோரினோம்.

கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். பணம் வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன், டவரின் காலடியில் விழுந்திருந்த விரிசலை அவரே தன் ஓய்வூதியத்திலிருந்து பூசினார்.