90 டிகிரி வெந்நீருக்கு ஹீட் பம்ப்: திரும்பி வரும் தண்ணீரையும் பாருங்கள்

ஹீட் பம்ப் போடலாமா என்று கேட்பவர்களின் முதல் கேள்வி, "தண்ணீர் எத்தனை டிகிரி வரைக்கும் சுடும்?" என்பதுதான். உள்ளே போகும் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்பவர் அபூர்வம். மின்கட்டணத்தோடு அதிகம் விளையாடுவது அந்தக் கேட்காத கேள்விதான்.

ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. காற்றில் இருப்பதை எடுத்து மேலே ஏற்றிவிடுகிறது. ஏற்றம் கூடினால் மின்சாரமும் கூடும். 20 டிகிரி காற்றிலிருந்து எடுத்து 60 டிகிரியில் கொடுத்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கோட்பாட்டளவில் 8.3 யூனிட் வெப்பம் கிடைக்கலாம். 90 டிகிரியில் அது 5.2 ஆகிவிடும். நிஜ இயந்திரங்கள் இதில் பாதியை எட்டினாலே நல்லது.

சரி, முழு வெப்பத்தையும் 90 டிகிரியிலேயே கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? 20 டிகிரி தண்ணீரை 30 டிகிரிக்குக் கொண்டுபோக, 35 டிகிரி சூடு தாராளம். இரண்டு ஹீட் பம்புகளை அடுத்தடுத்து வைத்து, முதலாவது 55 வரைக்கும் அடுத்தது 90 வரைக்கும் சூடாக்கினால், அந்த 5.2 ஏறக்குறைய 6.7 ஆகிறது. தண்ணீரின் சூட்டோடு கூடவே ஏறிக்கொண்டு போக முடிந்தால் வரம்பு 9-ஐயும் தாண்டும்.

ஹீட் பம்புக்குள் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் வாயுவாகக் கார்பன் டை ஆக்சைடை வைத்தால், அது இதைத்தான் ஒரே இயந்திரத்தில் செய்கிறது. 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகாது. 100 பார் அளவிலான அழுத்தத்தில், ஒரே வெப்பநிலையில் நிற்காமல் படிப்படியாகச் சூடு இறங்கும்; எதிர்த்திசையில் வரும் தண்ணீருக்கு அதே போக்கில் சூடு ஏறும். ஜப்பானில் 2001-இல் 'எக்கோ க்யூட்' என்ற பெயரில் வந்த வீட்டு வெந்நீர்க் கருவிகள் இந்த வகைதான்.

சிக்கல் எங்கே வருகிறது? பெரிய கட்டடங்களில் வெந்நீர் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றி வரும் 50 டிகிரி தண்ணீரை வெந்நீர் சேமிக்கும் தொட்டியின் அடியில் விட்டால், அங்கே நிற்கும் குளிர்ந்த அடுக்கு கலைந்துவிடும். அந்த வெதுவெதுப்பு ஹீட் பம்புக்குள் போனால் வாயு சரியாகக் குளிராது. வாயுவை அழுத்தும் கம்ப்ரசரின் உழைப்பு குறையாது. வெளிக்காற்றிலிருந்து உறிஞ்சுவது மட்டும் சரிந்துவிடும். "இயந்திரம் சரியில்லை" என்று என்னை அழைக்கும் இடங்களில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது தொட்டியின் அடிப்பக்கத்தைத்தான். அங்கே சூடாக இருந்தால் இயந்திரத்தைத் திட்டிப் பயனில்லை.

உயரமான தொட்டி, வேகம் தணிந்து அடியில் நுழையும் குளிர்நீர், சுற்றுக்குழாயின் இழப்பை ஈடுகட்டத் தனியாக ஒரு சிறிய ஹீட் பம்ப்: எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான மேம்பாடு கிடையாது. ஐசோபியூட்டேன் என்ற வாயு 135 டிகிரி வரைக்கும் திரவமாகும் என்பதால் அந்தச் சிறிய பம்புக்குப் பொருந்தும். ஆனால் எரியக்கூடிய வாயு. வைக்கும் இடத்தில் காற்றோட்டம் கட்டாயம்.

சிக்கனம் என்று நினைத்துத் தொட்டியை 45 டிகிரியில் வைக்காதீர்கள். லீஜியோனெல்லா கிருமி வளர அது தோதான சூடு. 60 டிகிரியில் சேமித்து, குழாய் முனையில் கலவை வால்வு வைத்துத் தணித்துக்கொள்ளலாம்.

அப்புறம், உப்புத் தண்ணீர். சூடு கூடக் கூடச் சுண்ணாம்பு படிவதும் கூடும். வாயுவின் சூட்டைத் தண்ணீருக்குக் கைமாற்றும் வெப்பமாற்றியின் தகட்டில் அது படிந்தால், அதன் வழியே அதே வெப்பத்தைத் தள்ள, இயந்திரம் இன்னும் சூடாக ஓட வேண்டிவரும். வெப்பமாற்றியை அமிலம் விட்டுக் கழுவ இரண்டு வால்வுகளைக் குழாய் போடும்போதே வைக்கச் சொல்லுங்கள்.